சிவப்பு வாலே இல்லாத செவ்வால்

ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு ஜீப்காரர் கேட்டது 1,200 ரூபாய்! விடியற்காலை, வேறு வண்டி இல்லை, பேரம் பேச வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கிறது. கொடுத்துத் தொலைத்தேன். மதியச் சாப்பாடு வர்க்கியும் டீயும்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

இந்த ஊட்டிப் பயணத்தின் தங்குமிடம், செலவுக் கணக்கு எல்லாம் எழுத வேண்டியதுதான். அது அப்புறம். முதலில், நாங்கள் பார்க்கப் போன பறவையான சோலைக்கிளி.

"மாமா, கிளின்னா பச்சையாத்தானே இருக்கும்?" என்றான் கூட வந்த அக்கா மகன். நியாயமான கேள்விதான். மலையாளத்தில் கிளி என்றால் எந்தப் பறவையும் ஆகலாம். நமக்குத்தான் பச்சைக்கிளி நினைவு வரும். இது குருவியைவிடச் சற்றுப் பெரிய பாடும் பறவை.

ஒரு மணி நேரம் கழித்து, சாலையோரச் சோலையின் ஈரச் சருகில் தத்தி வந்து நின்றது. கருநீல முதுகு, விலாவில் செங்கல் நிறம், நெட்டைக் கால். வாலும் நீலம்தான். நாலைந்து நொடி இருக்கும், புதருக்குள் போய்விட்டது.

அந்த வாலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1840-களில் இதற்கு வைத்த பெயர் 'ஃபீனிக்யூரா மேஜர்'. பெரிய செவ்வால் என்று அர்த்தம். செவ்வால் பறவைகளின் கூட்டத்தில் இதையும் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் வாழும் இதன் சொந்தக்காரனான வெள்ளை வயிற்றுக்காரனுக்கு 1860-களில் பிளான்ஃபோர்ட் என்ற இயற்கையியலாளர் தனிப்பெயர் வைத்தார். அப்புறம் இரண்டும் ஒரே இனம் என்றார்கள், திரும்பப் பிரித்தார்கள். பேரினத்தையும் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) கல்லீன், பிராக்கிப்டெரிக்ஸ், மயோமெலா என்று வீடு மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வாடகை வீட்டுக்காரன் பிழைப்புதான்.

2017-இல் பறவை ஆய்வாளர் வி. வி. ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, இவை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் தனிப் பேரினம் என்று காட்டினார்கள். 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். இந்த மலைக்காட்டை ஆங்கிலத்தில் சொல்லும் 'ஷோலா'வே நம் சோலைதானே! சரியான பெயர் கிடைக்க 170 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பையன் நோட்டில் 'கிளி' என்று எழுதி அடித்துவிட்டான்.

திரும்பும்போது நடந்தே இறங்கினோம். பாதி வழியில் அரசுப் பேருந்து வந்தது. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஐம்பது ரூபாயைத் தொடவில்லை. ஜீப்காரரை நினைத்துக்கொண்டேன்.