பார்னெனேஸ் கற்குவை: சில நாள் குறிப்புகள்

செப்டம்பர் 9

மொர்லே நகரத்துக்கு வந்து சேரும்போதே இருட்டிவிட்டது. பிரான்சின் பிரிட்டானிப் பகுதியின் வடகரையில், இறந்தவர்களுக்காகக் கட்டிய பார்னெனேஸ் என்ற கற்குவை இருப்பதை நான்கு வருடம் முன்புதான் படித்தேன். சங்கப் பாட்டில் பதுக்கை என்று வாசித்தபோதெல்லாம் இறந்தவன்மேல் குவித்த ஓர் ஆள் உயரக் கற்குவியலைத்தான் நினைத்துக்கொள்வேன். நாளைக்குப் பார்க்கப்போவது 72 மீட்டர் நீளம்.

செப்டம்பர் 10

எண் தெரிந்து என்ன பயன்? கிட்டே போனதும் வாயடைத்துப் போனேன். கடலைப் பார்த்த மேட்டில், படிப்படியாக அடுக்கிய கல். சில இடங்களில் 8 மீட்டர் உயரம். ஏறத்தாழ 13,000 டன் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாந்து ஒரு கைப்பிடிகூட இல்லை. உள்ளே 11 அறைகள், ஒவ்வொன்றுக்கும் தெற்கிலிருந்து தனி நடைவழி. ஒரு வாசலில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து வந்த குளிர்ச்சி முகத்தில் பட்டது.

கட்டத் தொடங்கியது கி.மு. 4500-ஐ ஒட்டி. கீசா பிரமிடுகளுக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டு முந்தியது. அப்போது கடல் இன்னும் தள்ளி இருந்தது. இந்த மேட்டுக்குக் கீழே நிலம்தான்.

செப்டம்பர் 11

அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். நாற்பது வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவர். உடனே கூப்பிட்டார். "இது ஒரே கட்டு இல்லப்பா. இடதுபக்கம் வேற கை. கல்லோட நிறத்தப் பாரு, வெளுத்திருக்கு."

சரியாகத்தான் சொன்னார்! கிழக்குப் பாதிதான் முதலில் கட்டியது. மேட்டிலேயே கிடைத்த கருமையான டோலரைட் கல். மேற்குப் பாதி பிறகு ஒட்டிக் கட்டியது. அதில் வெளிர் நிற கிரானைட் அதிகம், அருகிலுள்ள ஸ்டெரெக் தீவிலிருந்து வந்தது. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்து சொன்னதை அப்பா போனில் பார்த்தே சொல்லிவிட்டார். இதை எழுதும்போதும் மனசு நிறைந்திருக்கிறது.

செப்டம்பர் 12

நாள் முழுக்க மழை. அறையில் உட்கார்ந்து அகழாய்வு பற்றிப் படித்தேன்.

இது தொல்மேடு என்று 1850-லேயே தெரியும். ஆனாலும் 1950-களில் சாலை போடக் கல் வேண்டி ஓர் ஒப்பந்தக்காரர் இதையே கல்குவாரி ஆக்கினார். பக்கத்தில் இருந்த சிறிய கற்குவை முதலில் போயிற்று. பிறகு பெரியதன் பின்புறத்தை வெட்டினார்கள். அறைகள் பிளந்து வெளியே தெரிந்தன. 1955-இல் வேலை நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு முதல் 1968 வரை தொல்லியலாளர் பியேர்-ரோலான் ஜியோ ஆய்வையும் சீரமைப்பையும் நடத்தினார்.

எலும்பு எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இங்கே மண் அமிலத்தன்மை உள்ளது, எலும்பைக் கரைத்துவிடும். கிடைத்தவை பானை ஓடுகள், தீட்டிய கற்கோடரிகள், அம்பு முனைகள். செம்புக் குத்துவாள் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அது கட்டியவர்கள் காலத்தது அல்ல. நெடுங்காலம் கழித்தும் யாரோ இந்த அறைகளுக்குள் வந்து போயிருக்கிறார்கள். யாருக்காகக் கட்டினார்களோ அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தைத் திருப்பவில்லை.

செப்டம்பர் 13

கிளம்புமுன் பின்புறத்தை மட்டும் பார்க்கப் போனேன். குவாரி வெட்டிய இடத்தை ஜியோ முழுவதும் மூடிவிடவில்லை. அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். மூடியிருந்தால் முன்பக்கம் போலவே அழகாக இருந்திருக்கும். ஆனால் அறையின் கூரை எப்படி நிற்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது வெட்டுவாயில் பார்க்கலாம்: வட்டமாக ஒரு வரிசை, அதன்மேல் வரிசை கொஞ்சம் உள்ளே நீட்டி, அதற்குமேல் இன்னும் கொஞ்சம். கடைசியில் குறுகி, ஒரு மூடுகல். ஒவ்வொரு கல்லின் பின்முனையையும் மேலே உள்ள பாரம் அழுத்திப் பிடித்திருக்கிறது.

இதையும் அப்பாவுக்காக எடுத்தேன். சிறிய கற்குவை இருந்த பக்கம் போனேன். புல் மட்டும்தான். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.