ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் ஒன்றா, பலவா? முதலில் இணைப்புகளை எண்ணுங்கள்

ஐம்பது, நூறு படுக்கை உள்ள மருத்துவமனைகளில் இந்த வாதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஓடும். நிர்வாகத்துக்கு ரிஜிஸ்ட்ரேஷன், பில்லிங், ஃபார்மசி, லேப், கேஸ் ஷீட் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் வேண்டும். ஒரே வெண்டர், பிரச்சினை என்றால் கூப்பிட ஒரே நம்பர். கண் டாக்டரும் கேன்சர் டாக்டரும் தங்கள் துறைக்கென்றே எழுதிய சாஃப்ட்வேரைக் கேட்பார்கள். இரு தரப்பும் டெமோவில் பார்த்ததை வைத்தே பேசும். டெமோவில் தெரியாத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டு சாஃப்ட்வேருக்கு நடுவே தகவல் எத்தனை இடத்தில் கைமாறுகிறது? அங்கே அறுந்தால் யாருக்குத் தெரியவரும்?

தனி சாஃப்ட்வேர் உண்மையிலேயே தேவைப்படும் துறைகள் சில உண்டு. கண்ணை எடுத்துக்கொள்வோம். பொது சாஃப்ட்வேரில் கண் பரிசோதனைக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'நோட்ஸ்' என்ற ஒரே பெட்டி. வலது 6/9, இடது 6/36, கண் பிரஷர் 18, 24 என்று அடித்துவிடலாம், படிக்கவும் செய்யலாம். ஆனால் எந்தக் கண், பிரஷரை அளந்தது கண்ணைத் தொட்டு அளக்கும் அப்ளனேஷனா அல்லது காற்றடிக்கும் கருவியா, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதெல்லாம் தனித்தனிக் கட்டங்களில் பதிவானால்தான் குளுக்கோமா நோயாளியின் ஐந்து வருட கிராஃப் வரும்.

கீமோ இன்னும் கறாரான விஷயம். கார்போபிளாட்டின் என்ற கேன்சர் மருந்தின் அளவைக் கணக்கிட கால்வர்ட் சூத்திரம் இருக்கிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஜிஎஃப்ஆருடன் 25-ஐக் கூட்டி, உடலில் மருந்தின் தாக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஏயுசி இலக்கால் பெருக்க வேண்டும். ஏயுசி 5, ஜிஎஃப்ஆர் 75 என்றால் 500 மி.கி. டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்தில் இதுவரை கொடுத்த மொத்த அளவே முக்கியம். அது உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி.க்கு மேல் போனால் இதயம் பலவீனமாகும் ஆபத்து கூடிவிடும். முந்தைய சைக்கிள்களைத் தானே கூட்டிக் காட்டாத சாஃப்ட்வேரில் அந்தக் கணக்கு டாக்டரின் தலையில் விழுகிறது. '1-0-1, ஐந்து நாள்' என்று எழுதுவதற்காகச் செய்த மருந்துச்சீட்டுத் திரையில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

டயாலிசிஸ், ஐவிஎஃப், பெரிய லேப் ஆகியவையும் இதே ரகம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டும் பேக்ஸ் (PACS) சாஃப்ட்வேர் எப்படியும் தனியாகத்தான் வரும், அதில் விவாதமே வேண்டாம். பொது மருத்துவம், குழந்தைகள் பிரிவு, காது மூக்கு தொண்டை, ஆர்த்தோ இவற்றுக்கெல்லாம் பொது சாஃப்ட்வேரில் நல்ல டெம்ப்ளேட் போட்டால் போதும். ஆர்த்தோ டாக்டர் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

எத்தனை சாஃப்ட்வேர் வாங்கினாலும் மூன்று விஷயங்களை மட்டும் பிரிக்கக் கூடாது: நோயாளி எண், பில், மருந்து ஒவ்வாமைப் பட்டியல். கீமோ ஒரு சாஃப்ட்வேரிலும் வார்டு மருந்து இன்னொன்றிலும் எழுதப்பட்டு, ஒவ்வாமை இரண்டிலும் தனித்தனியாகப் பதிவானால், எச்சரிக்கை பாதி மருந்துகளுக்குத்தான் வரும். யார் எங்கே எழுதினாலும் மருந்து கொடுக்கும் இடம் ஒன்றாக இருக்கட்டும்.

இனி இணைப்பு. மருத்துவமனைக்குள் சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேச, எச்எல்7 என்ற பொதுத் தரத்தின் பதிப்பு 2 செய்திகள்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குறியீடு. ஓபி பதிவுக்கு ஏ04, விவரம் திருத்தினால் ஏ08, இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினால் ஏ40. ஆர்டர் போவதற்கு ஓஆர்எம், ரிசல்ட் வருவதற்கு ஓஆர்யு. எல்லா வெண்டரும் "எச்எல்7 சப்போர்ட் இருக்கு சார்" என்பார்கள். ஏ40 வந்தால் உங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று கேளுங்கள். பலர் அங்கேதான் தடுமாறுவார்கள்.

நம் ஊரில் இந்த ஏ40 அடிக்கடி தேவைப்படும். ஒருவரே 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்', 'முருகன் செல்வம்' என மூன்று விதமாகப் பதிவாவார். மொபைல் நம்பர் மகனுடையது, அதே நம்பரில் மனைவியும் மாமியாரும் இருப்பார்கள். வயது "அறுபது இருக்கும்" என்பதால் பிறந்த தேதி ஜனவரி 1 என்று விழும். ரிசெப்ஷனில் இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்து ஒன்றாக்குகிறார்கள். முக்கிய சாஃப்ட்வேர் சரியாகிவிடுகிறது. கண் சாஃப்ட்வேர் ஏ40-ஐக் கண்டுகொள்ளாவிட்டால், பழைய எண்ணில் இருந்த ரிப்போர்ட்டுகள் அநாதையாக நிற்கும். எரர் எதுவும் வராது. டாக்டர் புதிய எண்ணைத் திறந்து, இவருக்கு முன் பரிசோதனையே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு வழக்கமான கோளாறு, பிளேட்லெட் அலகு. அனலைசர் 150 என்று ஆயிரங்களில் அனுப்பும். வாங்கும் சாஃப்ட்வேரின் கட்டத்தில் 'லட்சம்' என்று அச்சாகியிருக்கும். 1.5 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாத வகை வேறு. பில்லிங்கில் புதிதாக ஒரு டெஸ்ட் சேர்ப்பார்கள், லேப் சாஃப்ட்வேரில் அதே குறியீட்டைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். பணம் கட்டியாகிவிட்டது, ஆர்டர் லேப்புக்குப் போகவே இல்லை. போகாத செய்திகள் ஒரு பட்டியலில் தேங்கி நிற்கும். தினமும் காலையில் அதைப் பார்ப்பது யார் வேலை என்று பெயர் போட்டு எழுதாவிட்டால் அது யார் வேலையும் இல்லை.

'எல்லாம் ஒன்றில்' என்று விற்பதும் உள்ளே ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் முதலில் ஓடிய பாஹ்ம்னி என்ற ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ் என்பதால் உள்ளே பார்க்க முடிகிறது. நோயாளி பதிவேட்டுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், லேப்புக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கு ஒடூ. இவை ஆட்டம் ஃபீட் என்ற செய்தி ஓடை வழியாகப் பேசிக்கொள்கின்றன, போய்ச் சேராமல் தோல்வியடைந்த செய்திகளுக்குத் தனி டேபிளே வைத்திருக்கிறார்கள். இது குறையே இல்லை, வெளிப்படையாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதில்தான் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லேப் மாட்யூல் நீங்களே எழுதியதா, இன்னொரு கம்பெனியிடம் வாங்கி ஒட்டியதா? இரண்டுக்கும் ஒரே டேட்டாபேஸா?

டெமோவுக்கு வெண்டரின் மாதிரி நோயாளியை ஏற்காதீர்கள். பெயரை மறைத்த உங்கள் கேஸ் ஷீட் நாலைந்தைக் கொடுங்கள். பில் போட்ட பிறகு ரத்தான டெஸ்டும் அதன் ரீஃபண்டும் ஒன்று. ரத்தத்தில் அணுக்கள் குறைந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போன கீமோ சைக்கிள் ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டில் அட்மிட் ஆகி, நடுவில் பேக்கேஜ் மாறிய நோயாளி ஒன்று. இரட்டைப் பதிவு கட்டாயம் ஒன்று. கடைசியாக நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓபி சீட்டு போடச் சொல்லுங்கள்.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் இணையப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கேள்வி வரும். ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண்ணைச் சரிபார்ப்பது எம்1 கட்டம், ரிப்போர்ட்டைப் பகிர்வது எம்2, வெளி ரிப்போர்ட்டை வாங்குவது எம்3. இரண்டு சாஃப்ட்வேர் இருந்தால் கண் ரிப்போர்ட்டை எது பகிரும்? முக்கிய சாஃப்ட்வேர் வழியாக என்றால், அது வெறும் பிடிஎஃப் ஆகப் போகிறதா, மதிப்புகளோடு போகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

செலவில் பலரும் விடுவது இணைப்புக் கட்டணம். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் இரண்டு வெண்டரும் தனித்தனியே பில் போடுவார்கள், வருடா வருடம் பராமரிப்புக் கட்டணமான ஏஎம்சியும் உண்டு. நடுவில் செய்திகளை மாற்றிக் கடத்தும் மிர்த் கனெக்ட் சாஃப்ட்வேரைப் போட்டு இலவசமாகச் சமாளிக்கலாம் என்ற பழைய கணக்கும் மாறிவிட்டது. 2025-இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து அது கட்டண மென்பொருள். இரண்டு வெண்டரில் ஒருவர் அப்டேட் போட்டு இணைப்பு அறுந்தால் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதும், விலகும்போது முழு டேட்டாவும் எந்த வடிவில் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் முன்பணம் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒரு நோயாளியின் டேட்டாவை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லிப் பாருங்கள்.