கேட்டதனால் பிறந்த கதைகள்

ஜனவரி 5, 2025

நாவலின் இரண்டாம் வரைவைப் படித்து முடித்த பதிப்பாசிரியர் இன்று ஒரே ஒரு குறிப்பை எழுதி அனுப்பியிருக்கிறார். உப்பின் நினைவைக் கேட்கத் தெரிந்த என் கதைநாயகி, மூன்றாம் பகுதியின் முடிவில் உப்பளத்தை விட்டுக் கிளம்பி, நான்காம் பகுதியின் தொடக்கத்தில் கடலுக்குள் மூழ்கிய ஊரின் காவலன் முன்னால் நிற்கிறாள். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏதோ ஒன்று இல்லை, அது என்னவென்று நீங்கள்தான் கண்டெடுக்க வேண்டும் என்கிறார். இருப்பதைத் திருத்துவதற்கு எனக்குப் பழக்கமான வழிகள் உண்டு. இல்லாததை எழுதித் தரச் சொல்வது வேறு வகையான கோரிக்கை.

பதின்ம வயதினருக்கான மாயப் புனைவின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க எனக்கு வெகுநாளாக ஆசை. எழுத்தாளரின் உள்ளத்திலிருந்து தானாக ஊறி வந்தவை என்று நாம் நம்பும் நூல்களில் பல, யாரோ ஒருவர் வந்து கேட்டதனால் எழுதப்பட்டவை. இந்த வேலை முடியும்வரை அவற்றைப் பற்றி இங்கே எழுதிவருவேன்.

ஜனவரி 8

முதலில் அர்சுலா லெ குவின். 1967ஆம் ஆண்டில் அவர் அறிவியல் புனைகதை எழுதுபவராகவே அறியப்பட்டிருந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தை நடத்திவந்த ஹெர்மன் ஷைன், அதுவரை பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகங்களையே வெளியிட்டிருந்தார். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் வேண்டும், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவர் லெ குவினிடம் கேட்டார். தன்னால் ஆகாது என்பதே லெ குவினுடைய முதல் எண்ணமாக இருந்தது. இளையவர்களை மனத்தில் வைத்து அவர் எழுதியதே இல்லை.

பிறகு அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் வெண்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்கள் எப்போதும் அப்படியேவா இருந்திருப்பார்கள், அந்த வித்தையை எங்கே போய்க் கற்றிருப்பார்கள்? இந்தக் கேள்வியோடு ஒரு பெரிய தாளை விரித்து, தீவுகளின் வரைபடத்தை முதலில் வரைந்து, அவற்றுக்குப் பெயரிட்டார். 1964இல் வெளிவந்த இரண்டு சிறுகதைகளில் தலைகாட்டியிருந்த தீவுகள் அந்தத் தாளில் ஒரு முழு உலகமாக விரிந்தன. 1968இல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' வெளிவந்தது. அதன் நாயகனான கெட் என்ற இளைஞனைச் செம்மண் நிறம் கொண்டவனாக அவர் படைத்ததும் எண்ணிச் செய்த காரியம். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவன் வெள்ளையனாக்கப்பட்டபோது அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். என்னைப் போன்ற நிறமுடைய ஒரு பெண் அந்தப் புத்தகத்தைப் பதினைந்து வயதில் கையில் எடுத்தால் அதற்கு என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஷைன் விதித்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: யாருக்காக என்பது. வயதைச் சொல்லிக் கேட்டதனால்தான் 'மந்திரவாதி இளைஞனாக இருந்தபோது' என்ற எண்ணமே பிறந்தது. வாசகரின் வயதைக் குறிப்பிடுவது எழுத்தைக் குறுக்கிவிடும் என்று வாதிடுபவர்களுக்கு இதை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

ஜனவரி 12

எழுதும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். லெ குவின் போர்ட்லாந்து நகரில் மூன்று குழந்தைகளை வளர்த்தபடி எழுதியவர்; அவர்கள் சிறுவயதினராக இருந்த ஆண்டுகளில், இரவு அவர்கள் தூங்கிய பிறகே எழுத்துமேசைக்குப் போனார். ஒரு மனிதரால் இரண்டு முழுநேர வேலைகளைச் செய்ய முடியாது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று வேலைகளைச் செய்துவிடலாம் என்று கணவரோடு பகிர்ந்துகொண்ட வாழ்க்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் தன் விருப்பமான ஒரு நாளை விவரித்தபோது, காலை ஐந்தரைக்கு விழித்துப் படுத்தபடியே யோசிப்பது, வயிறு நிறையச் சாப்பிடுவது, ஏழேகால் மணிமுதல் நண்பகல்வரை எழுதுவது என்று வரிசைப்படுத்தினார். படுத்தபடி யோசிக்கும் நேரத்தையும் வேலைக் கணக்கில் சேர்த்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் காலையில் அலுவலகப் பேருந்து வருவதற்கு முன்பு எழுதுகிறேன். இன்று எழுதியது ஒரு பக்கம். அதில் பயன்படக்கூடியது கடைசிப் பத்தி.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காள் மகளிடம் கைப்பிரதியைக் கொடுத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு நாளில் படித்துவிட்டு வந்து, "சித்தி, இவளுக்கு எல்லாமே சட்டுனு வந்துடுதே, இவளால முடியாத வேலைன்னு ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டாள். பதிப்பாசிரியர் 'ஏதோ ஒன்று' என்று குறித்ததற்கு அவள் பெயர் வைத்துவிட்டாள்.

ஜனவரி 19

அவளுடைய கேள்வியோடு நான் போய் நின்ற இடம் லாயிட் அலெக்சாண்டரின் எழுத்து வாழ்க்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பயிற்சிக்காக வேல்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த மலைகளும் கோட்டைகளும் அந்த மொழியின் ஒலியும் அவருக்குள் தங்கிவிட்டன. போர் முடிந்த பிறகு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் எழுதிய பிறகே முதல் நூல் அச்சேறியது, அதுவும் பெரியவர்களுக்கான நூல். இளையோருக்காக அவர் எழுதிய முதல் மாயப் புனைவான 'டைம் கேட்' 1963இல் வந்தது; ஒரு சிறுவனும் அவனுடைய பூனையும் பல காலங்களுக்கும் நாடுகளுக்கும் போய்வரும் கதை அது. அதில் வேல்ஸ் நாட்டுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியிருந்த அவர், அதற்காகப் பழைய வேல்ஸ் தொன்மங்களான 'மபினோகியன்' கதைகளைப் படிக்கப்போய், இத்தனை பெரிய செல்வத்தை ஒரு பகுதிக்குள் அடைக்கக் கூடாது என்று முடிவுசெய்து, அந்தப் பகுதியை அயர்லாந்துக்கு மாற்றிவிட்டார். விலக்கிவைத்த அந்தப் பொருளிலிருந்துதான் 'பிரிடைன்' வரிசையின் ஐந்து நூல்களும் வந்தன.

எனக்கு வேண்டியது அந்த ஐந்தில் நான்காவதாக நிற்கும் நூல். 1964இல் முதல் நூல் வெளிவந்தது. வரிசையை முடித்துவைக்கும் 'தி ஹை கிங்' பதிப்பகத்தால் ஏற்கப்பட்ட பிறகு, அவருடைய பதிப்பாசிரியர் ஆன் ட்யூரல், அதற்கு முன்னால் இன்னொரு நூல் இருக்க வேண்டும் என்று உணர்ந்து சொன்னார். அப்படி இடையில் செருகப்பட்டு 1967இல் வந்தது 'டாரன் வாண்டரர்'. பன்றி மேய்க்கும் உதவியாளனான டாரன் என்ற இளைஞன் தன் பெற்றோர் யாரென்று தேடி நாடெங்கும் அலைகிறான். உயர்குடிப் பிறப்பு வெளிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையோடு புறப்பட்டவன், கொல்லரிடமும் நெசவு செய்யும் மூதாட்டியிடமும் குயவரிடமும் வேலை கற்கிறான். வாளை அடிக்கக் கற்றுக்கொள்கிறான், துணி நெய்யக் கற்றுக்கொள்கிறான். மூன்றிலும் அவன் உயிரைக் கொடுத்து நேசிப்பது மண்பாண்டக் கலையைத்தான். அந்தக் கலை மட்டும் அவன் கைக்கு வரவில்லை. உழைப்புக் குறைவினால் அல்ல. அந்த வரம் அவனுக்கு இல்லை, அவ்வளவுதான். குயவர் அதை அன்போடும் மறைக்காமலும் அவனிடம் சொல்லும் இடம், பதின்ம வயதினருக்காக எழுதப்பட்டவற்றில் நான் படித்த மிக உண்மையான பக்கங்களில் ஒன்று.

அந்த நூலில் மற்ற நான்கைக் காட்டிலும் மாயம் குறைவு. படை திரண்டு மோதும் கதையும் அது அன்று. ஆனால் அது இல்லாமல் இறுதி நூலில் டாரன் எடுக்கும் முடிவுகளுக்கு எடை இருந்திருக்காது. 1968இல் வந்த 'தி ஹை கிங்' மறு ஆண்டு, சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்றபோது, அந்தப் பதக்கத்தில் ட்யூரலின் அந்தக் கோரிக்கைக்கும் பங்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன். எழுதி முடித்த முடிவை அப்படியே விட்டுவிடாமல், அதற்கு முந்தைய படியை எழுத மறுபடி உட்கார்ந்த அலெக்சாண்டரின் பொறுமையும் அதே அளவு மதிப்புக்குரியது.

ஜனவரி 22

லெ குவின் மறைந்து இன்றோடு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எர்த்சீயின் மூன்றாம் நூல் 1972இல் வந்தது. நான்காம் நூலான 'தெஹானு' 1990இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளும் அவர் வேறு பல நூல்களை எழுதியபடி இருந்தார் என்றாலும், இந்தக் கதையைத் தொடர முயன்றபோது அது நகரவில்லை. முதல் மூன்று நூல்களை ஆண்களின் வீரகதை மரபுக்குள் நின்று எழுதியிருந்த தான், ஒரு பெண்ணாக அந்த உலகத்தைப் பார்த்து எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று பின்னர் விளக்கினார். 'தெஹானு'வில் கெட் தன் ஆற்றலை எல்லாம் இழந்து, ஆடு மேய்க்கும் மனிதனாக வாழ்கிறான். கதையின் மையம் டெனார் என்ற நடுவயதுப் பெண்ணிடமும், தீயில் சுடப்பட்ட ஒரு குழந்தையிடமும் போய்விடுகிறது. இந்த மாற்றத்தை விரும்பாத வாசகர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கோ எர்த்சீ நூல்களிலேயே மிகவும் துணிச்சலானது இதுதான்.

பதிப்பாளர் கேட்ட உடனே வந்த நூலும், பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த நூலும் ஒரே கையிலிருந்து வந்தவை. கோரிக்கையால் ஒரு கதையைத் தொடங்கிவைக்க முடிகிறது; எழுதுபவர் அதற்குத் தக வளர்ந்து முடிக்கும் காலத்தை எந்தக் கோரிக்கையாலும் குறைக்க முடிவதில்லை.

ஜனவரி 27

சூசன் கூப்பரின் முதல் இளையோர் நூல், ஒரு பதிப்பகம் குடும்ப சாகசக் கதைகளுக்காக அறிவித்த போட்டியை எண்ணித் தொடங்கப்பட்டது. எழுத எழுத அது போட்டிக்கான எல்லையைத் தாண்டி மாயப் புனைவாக மாறியது. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் குடியேறியிருந்த அவருக்கு, அது ஐந்து நூல் கொண்ட வரிசையின் முதல் நூல் என்பது தெளிவானபோது, எழுத வேண்டிய நான்கு நூல்களின் தலைப்புகளையும் மாந்தர்களையும் இடங்களையும் குறித்துவைத்து, கடைசி நூலின் கடைசிப் பக்கத்தையும் அப்போதே எழுதிவிட்டார். அந்தக் கடைசி நூல் 1977இல் வந்தது. எனக்கு அந்த முறை ஒத்துவராது. நாயகி என்ன கற்றுக்கொள்வாள் என்று தெரியாமல் அவள் கடைசியாகப் பேசும் சொற்களை என்னால் எழுத முடியாது.

பிப்ரவரி 2

டயானா வின் ஜோன்சைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்புகளை முடிக்க மாட்டேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் அவரும் இரண்டு தங்கைகளும் வளர்ந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் அரிது. தந்தை ஒரு சாகசக் கதை வரிசையை மொத்தமாக வாங்கி உள்ளே பூட்டிவைத்து, ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று பேருக்கும் பொதுவாகத் தந்தார். படிக்க எதுவும் இல்லாததால் டயானா பள்ளிப் பயிற்சி ஏடுகளில் தானே கதைகளை எழுதி, இரவில் தங்கைகளுக்குப் படித்துக்காட்டினார். அவருடைய முதல் வாசகர்கள் அப்படித்தான் வாய்த்தார்கள்.

1986இல் வந்த 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' நூலின் தோற்றமும் ஒரு கோரிக்கைதான். அவர் போயிருந்த ஒரு பள்ளியில், நகரும் கோட்டை என்ற தலைப்பில் ஒரு புத்தகம் எழுதுங்கள் என்று ஒரு சிறுவன் கேட்டான். அவன் பெயரைக் குறித்துப் பத்திரமான இடத்தில் வைத்ததாகவும், பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றும் நூலின் முகப்பில் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். ஒரு கதையைத் தொடங்கும்போது தொடக்கமும், அநேகமாக எப்படி முடியும் என்பதும், நடுவில் எங்கோ நிகழும் ஒரு சிறு காட்சியின் மிகப் பளிச்சென்ற படமும் மட்டுமே தனக்குத் தெரியும் என்பது அவர் முறை.

அப்படி எழுதியவர் 2011இல் மறைந்தபோது 'தி ஐலண்ட்ஸ் ஆஃப் கால்டியா' முடியாமல் நின்றது. மேற்கொண்டு கதை எப்படிப் போகும் என்பதற்குக் குறிப்புகள் எதுவும் இல்லை. குடும்பத்தினர் இளைய தங்கை அர்சுலா ஜோன்சிடம் அதை முடித்துத் தரக் கேட்டார்கள். நடிகையும் குழந்தைகளுக்கான எழுத்தாளருமான அவர், அக்காள் எழுதியிருந்த பக்கங்களுக்குள்ளேயே தேடி, அங்கே சிதறிக்கிடந்த துப்புகளைப் பின்பற்றிக் கதையை முடித்தார். 2014இல் நூல் வந்தது. பயிற்சி ஏட்டுக் கதைகளை இரவில் கேட்டு வளர்ந்த அந்தச் சிறுமியைத் தவிர வேறு யாரிடம் அந்தக் கோரிக்கையை வைத்திருக்க முடியும்?

அர்சுலா ஜோன்ஸ் செய்ததையே நானும் என் கைப்பிரதியில் செய்யப்போகிறேன்: இல்லாத பகுதிக்கான துப்பு, ஏற்கெனவே எழுதிய பக்கங்களில் இருக்கும்.

பிப்ரவரி 9

துப்பு முதல் பகுதியிலேயே இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் உப்பளப் பெண்கள் பாத்திகளை மிதித்து இறுக்கும் காட்சியை நான்கு வரிகளில் எழுதியிருக்கிறேன். நாயகி அதை வரப்பில் நின்று பார்க்கிறாள், இறங்குவதில்லை. இப்போது எழுதத் தொடங்கியிருக்கும் புதிய பகுதியில் அவள் இறங்குகிறாள். உப்பு இன்னும் விளையாத அந்த ஈர மண்ணில் அவளுடைய கேட்கும் வரம் எதற்கும் உதவாது. காலடியைச் சீராக வைக்க அவளுக்கு வரவில்லை. அவளுக்குப் பிறகு வரும் மூதாட்டி ஒவ்வொரு முறையும் அவள் மிதித்த இடத்தை மறுபடி மிதிக்கிறார். சீசன் முடியும்வரை அங்கே வேலை செய்தும் அவள் சுமாரான தொழிலாளியாகத்தான் இருக்கிறாள், ஆனால் ஓடிப்போகவில்லை.

இதனால் நான்காம் பகுதியின் முதல் இரண்டு அத்தியாயங்கள் பழையபடி நிற்காது. காவலனிடம் அவள் பேசும் முதல் வாக்கியத்திலிருந்தே மாற்ற வேண்டும், ஏனென்றால் பழைய வரைவில் அவள் தன் ஆற்றலைச் சொல்லி அறிமுகமாகிறாள்; இனி அவள் எந்த அளத்தில், யாரோடு வேலை பார்த்தவள் என்று சொல்லித்தான் தொடங்குவாள். பதிப்பாசிரியரிடம் மார்ச் இறுதிவரை அவகாசம் கேட்டு எழுதிவிட்டேன்.