தீபாவளி சீசனில் வைத்த ஒரு கைரேகை

எனக்கு வீசிங். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். புதுக் கண்டாங்கிக் கட்டைப் பிரித்தாலே மூச்சு இழுக்கும். "இவ எப்பப் பாத்தாலும் லீவு" என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, இன்ஹேலரை பில் டிராயரில் போட்டுக்கொண்டு முடியாத நாளிலும் போய் நிற்பேன். அதுதான் வினையானது.

தீபாவளிக்கு முன்னால் படுத்துவிட்டேன். பள்ளத்தூரில் தெரிந்த டாக்டரிடம் வாங்கிய சீட்டை இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய டிஸ்பென்சரி டாக்டர் எழுதும் சர்டிபிகேட்தான் வேண்டுமாம். ஆக முதல் நாளே வீண். நீங்களாவது நேரே அங்கே போய்விடுங்கள்.

ஏழு நாள் ஓய்வு எழுதினார்கள். நான்காம் நாள் மேனேஜர் அண்ணன் போன்: "தாயி, கூட்டம் தாங்கலை. அரை நாள் வந்துட்டுப் போ." போனேன். பழக்க தோஷம், வருகைப் பதிவு மெஷினில் விரலையும் வைத்தேன்.

லீவு நாட்களுக்கான பணம் கேட்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "லீவுன்னு சர்டிபிகேட் இருக்கு, வேலைக்கும் வந்திருக்கீங்க. எதும்மா நிசம்?" வராத நாட்களைக் குறித்துக் கடையிலிருந்து கடிதம் கேட்டார். வாங்கிப் போனேன், கடை சீல் இல்லையாம். மூன்றாவது நடை. ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் சம்பளமும் பஸ் காசும்.

கடைசியில் ஏழில் மூன்று நாள் கழிந்தது: முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது, மூன்றாவது நான் உழைத்த அந்த அரை நாள்! மீதி நான்கு நாளுக்கு, சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், நாளுக்கு 350 ரூபாய். ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் இதுவும். வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

அந்த ஓய்வு முடிந்த பன்னிரண்டாம் நாள் மறுபடி மூச்சு இழுத்தது. இந்தத் தடவை அன்றைக்கே டிஸ்பென்சரி. மூன்று நாள் எழுதினார்கள். கவுன்ட்டரில் அதே ஆள், பேனாவால் இரண்டு நாளை அடிக்கப் போனார்.

"சார், போன தடவை முடிஞ்சு 15 நாளுக்குள்ள மறுபடி முடியாமப் போனா அந்த ரெண்டு நாள் கழிக்கக் கூடாதுல்ல?"

பேனா நின்றது. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். மூன்று நாளுக்கும் சேர்த்து 1,050 ரூபாய் அக்கவுன்ட்டில் ஏறியது.

நடுவில் மேனேஜர் அண்ணன் கூப்பிட்டார். "சர்டிபிகேட் முடியட்டும்ணே" என்றேன். சரி, சரி என்று வைத்துவிட்டார்.