மூன்றாவது நோடு

வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே நான்கு நோடு (நெட்வொர்க்கில் இணைத்த தனித்தனி கம்ப்யூட்டர்கள்) கொண்ட கிளஸ்டர் ஒன்றை என்னிடம் கொடுத்து, "இது எவ்வளவு வேகம் போகுதுன்னு அளந்து சொல்லுங்க" என்றார் எங்கள் சீனியர். அதுவரை ஒரே மெஷினுக்கு வெளியே நான் எதையும் ஓட்டியதில்லை.

எச்பிஎல்லில் தொடங்கினேன். பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பு ஒன்றைத் தீர்க்க ஆகும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும் லின்பேக் சோதனை அது. டாப்500 பட்டியல் 1993 முதல் சூப்பர் கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்துவதும் லின்பேக்கை வைத்துத்தான். கம்பைல் செய்து அப்படியே ஓட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் 864 சோதனைகளும் தேறியதாகத் திரையில் வந்தது. வேகமோ மிகச் சொற்பம். கூடவே வரும் மாதிரிக் கோப்பைத் திறந்தபோதுதான் புரிந்தது: அதில் அணியின் (சமன்பாடுகளின் எண்களை அடுக்கிய மேட்ரிக்ஸின்) அளவு 29, 30, 34, 35. நிறுவியது சரியா என்று பார்க்க அது போதும். வேகத்தை அளக்க உதவாது.

அப்புறம் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கோருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரு சுழற்சிக்கு 16 கணக்குகள், நோடுக்கு 16 கோர். நான்கு நோடுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2,458 கிகாஃப்ளாப்ஸ் (வினாடிக்கு நூறு கோடி கணக்கு என்பது ஒரு கிகாஃப்ளாப்ஸ்). மொத்த மெமரி 256 ஜிபி. அதில் 80 சதவீதத்தை நிரப்ப அணியின் அளவு ஏறக்குறைய 1,60,000. அணியைத் துண்டு போடும் பிளாக் அளவு 192 என்பதால் அதன் மடங்காக 1,59,936 என்று வைத்தேன். கோருக்கு ஒன்றாக 64 பிராசஸ் (ஓடும் நிரலின் பிரதிகள்), அவற்றை அடுக்க 8க்கு 8 கட்டம்.

முதல் ஓட்டம் ஊர்ந்தது. ஒவ்வொரு பிராசஸும் தன் பங்குக்கு 16 திரெட்டை (இணையாக ஓடும் உள்வேலைகளை) கிளப்பி, ஒரு நோடில் 256 திரெட் முட்டி மோதிக்கொண்டிருந்தன. திரெட் எண்ணிக்கையை 1 ஆக்கியதும் 950 கிகாஃப்ளாப்ஸ் வந்தது.

அந்த 950தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நெட்வொர்க்கைச் சந்தேகித்தேன், பிளாக் அளவை மாற்றினேன், கட்டத்தை 4க்கு 16 ஆக்கினேன். எண் அசையவே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நோடிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். முதலிரண்டும் நான்காவதும் 500ஐ ஒட்டி வந்தன. மூன்றாவது 250. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எச்பிஎல் அணியை எல்லாப் பிராசஸுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பிராசஸ் முடிப்பதற்காக மற்றவை காத்திருக்கின்றன. ஒரு நோடு பாதி வேகத்தில் போனால் நான்கும் பாதி வேகத்தில்தான் போகும். இரண்டு நல்ல நோடு சேர்ந்து தருவதைவிட நான்கு நோடு குறைவாகத் தந்ததற்குக் காரணம் அதுதான்.

ஓட்டத்தின் நடுவே மூன்றாவது நோடின் கடிகார வேகத்தைப் பார்த்தேன். 1.2 கிகாஹெர்ட்ஸ். மூடியைத் திறந்தால் ஒரு விசிறி சுற்றவே இல்லை. அதன் கேபிள் பாதி கழன்று நின்றது. வெப்பம் ஏற, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. லாகில் ஒரு பிழைகூட இல்லை. மெஷினை அணைத்து கேபிளை அழுத்திச் செருகிவிட்டு மறுபடி ஓட்டினேன்: 1,710. மேலும் இரண்டு முறை ஓட்டியும் அதே அளவுதான்.

அறிக்கையைச் சீனியரிடம் கொடுத்தேன். அவர் 1,710ஐத் தாண்டிப் போய், நான்கு நோடின் தனி எண்களைத்தான் முதலில் படித்தார். பிறகு, "நெட்வொர்க்கைத் தனியா அளந்தீங்களா?" என்றார்.

இல்லை. நான்கு நோடுக்கு ஆறு ஜோடி. அன்று மாலையே ஒவ்வொரு ஜோடியாக, இரண்டு நோடுக்கிடையே செய்தியை அனுப்பித் திரும்பப் பெற்று அளக்கும் பிங்-பாங் சோதனையை ஓட்டத் தொடங்கினேன்.