குழுப்பணிப் பயிற்சிக்குப் பிறகு எதை அளப்பது?

வைத்தியசாலையில் குழுப்பணிப் பயிற்சி நடந்தால் வரவுப் பதிவு, முன்-பின் வினாத்தாள், கருத்துப் படிவம் மூன்றும் கோப்பில் ஏறிவிடும். பயிற்சி பிடித்ததா, மனதில் நின்றதா என்பதை அவை சொல்லும். வாட்டில் வேலை மாறியதா, நோயாளிக்குத் தீங்கு குறைந்ததா என்பதற்கு அங்கே பதில் கிடையாது. பயிற்சிகளை மதிப்பிட கேர்க்பட்ரிக் என்பவர் 1959இல் பிரித்துக் காட்டிய நான்கு படிகளில் (பிடித்ததா, கற்றார்களா, வேலை மாறியதா, பலன் கிடைத்ததா) பெரும்பாலான அறிக்கைகள் முதலிரண்டைத் தாண்டுவதில்லை.

அதற்காக எடுத்த எடுப்பில் மரணங்களை எண்ணத் தொடங்கவும் கூடாது. அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக் குழுக்களுக்குக் கொடுத்த பயிற்சி பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. பயிற்சி பெற்ற 74 இடங்களில் ஆண்டு இறப்பு வீதம் 18 சதவீதம் குறைந்தது. பயிற்சி பெறாத 34 இடங்களிலும் 7 சதவீதம் குறைந்தது. அந்த 34 ஒப்பீட்டில் இல்லாதிருந்தால் முழுப் பெருமையும் பயிற்சிக்கே போயிருக்கும். இதைக் கண்டுகொள்ள 182,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளில் ஓரிரு மரணங்கள் கூடக்குறைய இருந்தாலே வரைபடம் தலைகீழாகும்.

நமக்குப் பயன்படுவது 2007இல் 15 வைத்தியசாலைகளின் பிரசவ அறைகளில் நடந்த ஆய்வு. தாய், சேய் பாதிப்புகளின் மொத்தக் குறியீட்டில் பயிற்சியால் வித்தியாசம் தெரியவில்லை. உடனடிச் சிசேரியனில் முடிவெடுத்ததிலிருந்து கத்தி வைக்கும் வரையான நேரம் மட்டும் பயிற்சி பெற்ற பக்கம் 21.2 நிமிடம், பெறாத பக்கம் 33.3 நிமிடம். திருகோணமலையில் தொடங்குவோரை இந்த நேரத்தைத்தான் அளக்கச் சொல்வேன். டொக்டர், மருத்துவ மாது, தாதி, மயக்க மருந்து வைத்தியர், குருதி வங்கி, தள்ளுவண்டி தள்ளும் சிற்றூழியர் என எல்லாரும் ஒத்துழைத்தால்தான் அந்த நேரம் குறையும்.

கெடுவது கடிகாரத்தில். பிரசவ அறைச் சுவர்க் கடிகாரமும் தியேட்டர்க் கடிகாரமும் சில நிமிடம் வேறுபட்டால் அளவே பொய். வாரம் ஒரு தடவை ஒரே கைபேசியைப் பார்த்து இரண்டையும் சரிசெய்யுங்கள். “முடிவு” என்பது எது என்றும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்: டொக்டர் வாயால் சொன்ன நேரமா, டிக்கெட்டில் (நோயாளியின் குறிப்பேட்டில்) எழுதிய நேரமா? நேரங்கள் எல்லாம் 10.05, 10.30 என்று ஐந்திலும் பூச்சியத்திலும் முடிந்தால், பிறகு யோசித்து எழுதியவை என்று அர்த்தம். அவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

ஒவ்வொரு அவசரச் சிசேரியனின் நேரத்தையும் நடந்த வரிசையில் வரைபடத்தில் ஒரு புள்ளியாக இடுங்கள். பயிற்சிக்கு முன் குறைந்தது 12 புள்ளிகள் வேண்டும். அவற்றின் இடைநிலை மதிப்பில் (சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வருவது) கோடு போடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தாமதம் அதை இழுத்துவிடும். பயிற்சிக்குப் பின் தொடர்ந்து 6 புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் மாற்றம் உண்மையானது என்று எடுக்கலாம். கோட்டிலேயே விழும் புள்ளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரத்தில் தியேட்டர் சரிபார்ப்புப் பட்டியலைத் தவறவிடுகிறார்களா என்பதையும் கூடவே பாருங்கள்.

நடத்தையையும் அளக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே கட்டிலைச் சுற்றி ஒலிக்கும் ஊர் இது. “மக்னீசியம் 4 கிராம்” என்று டொக்டர் சொன்னால் தாதி மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி, டொக்டர் சரி என்று உறுதிப்படுத்த வேண்டும். கண்காணிப்பாளரின் தாளில் சொன்னது, திருப்பிச் சொன்னது, உறுதிப்படுத்தியது என இதற்கு மூன்று கட்டங்கள். வெறும் “ஓம் டொக்டர்”, சிங்களத்தில் “ஹரி” (சரி) எதுவும் கணக்கில் சேராது. கண்காணிப்பவர்கள் இருவர் ஒரே பத்து நிகழ்வுகளைத் தனித்தனியே குறித்து ஒப்பிட்ட பிறகே களத்துக்குப் போகவேண்டும். இரவுப் பணியும் கட்டாயம்.

பயிற்சிக்குப் பிறகு சம்பவ அறிக்கைகள் கூடினால் தர முகாமைத்துவ அலகு பதற வேண்டியதில்லை. பேசப் பயம் குறைந்திருக்கலாம். தீங்கு நேர்ந்தவற்றை மட்டும் பிரித்து, 1,000 நோயாளி-நாட்களுக்கு (ஒவ்வொரு நோயாளியும் தங்கிய நாட்களின் கூட்டுத்தொகை) எத்தனை என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒரு நிரல். உள்ளகப் பயிற்சி டொக்டர்கள் ஆறு மாதத்தில் மாறுவார்கள், தாதியருக்கும் இடமாற்றம் வரும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், அந்தப் பணிநேரத்தில் நின்றவர்களில் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர் என்று குறியுங்கள். அந்த எண் விழும்போது நேரமும் கூடினால், அடுத்த பயிற்சியின் திகதியை அதை வைத்தே முடிவு செய்யலாம்.