மார்த்தாண்டம் பக்கம் விருந்துக்கு வர்றவங்களுக்கு

மரச்சீனிக் கிழங்கை, அதான் மரவள்ளியை, பார்த்ததும் "ஜவ்வரிசி பண்றதுதானே, இதையா சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டுடாதீங்க. இரண்டாம் உலகப்போர்ல பர்மா அரிசி வரத்து நின்னப்போ திருவிதாங்கூர் பசியாறினது இதை வச்சுத்தான். 1956 நவம்பர் 1க்கு முன்னாடி இந்த ஊரும் அந்தப் பக்கம்தான்.

வெந்த தண்ணியை வடிச்சுக் கொட்டுறப்போ "சத்தெல்லாம் போகுதே"ன்னு பாடம் எடுக்காதீங்க. கிழங்குல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, கசப்பு ரகத்துல அதிகமாவே. தோலை முழுசா உரிச்சு, துண்டுகள் முங்குற அளவு தண்ணியில மூடாம வேகவிட்டு வடிக்கிறது அதைக் குறைக்கத்தான். சமைக்கிற அக்காவுக்கு இது உங்களைவிட நல்லாவே தெரியும்.

மீன் குழம்பு கறுத்துத் தெரிஞ்சா தீஞ்சு போச்சுன்னு அர்த்தமில்லை. இதுல போடுற குடம்புளிங்கிற புளிப்புப் பழத்தைப் புகையில காயவைப்பாங்க, நிறமும் வாசமும் அதோடது. அரைக் கிலோ மீனுக்கு மூணு நாலு சுளை போதும், மறுநாள்தான் புளி மீன்ல நல்லா இறங்கும். கிழங்கைத் தனியாத் தின்னா சப்புன்னுதான் இருக்கும். குழம்புல பிசைஞ்சு சாப்பிட்டுட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

டம்ளர்ல இளஞ்சிவப்பா இருக்கிறது பதிமுகம்ங்கிற மரத்தோட சீவல் போட்டுக் கொதிக்கவச்ச தண்ணி. ரோஸ்மில்க் ஜோக்கை அவங்க ஏற்கெனவே கேட்டாச்சு.

வேண்டாம்னா பரிமாறும்போதே "கொஞ்சமா வைங்க, ருசி பார்க்கிறேன்"னு சொல்லுங்க. வாங்கிட்டு இலை ஓரத்துல ஒதுக்குறதுதான் சமைச்சவங்களுக்கு உறுத்தும். மீன் ஆகாதுன்னா காந்தாரிமிளகாய்ச் சம்மந்தி கேளுங்க: மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இடிச்சு மேல தேங்காயெண்ணெய் விட்டது. கிழங்குக்கு அதுவும் அசத்தல், முதல்ல நுனிவிரல்ல தொட்டுப் பாருங்க.